முதுகெலும்பில் கறுத்த இடம்

என் எலும்புக்கூட்டை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், டாக்டரின் கணினித் திரையில், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு எலும்புக்கூடுகள் நின்றன. இரண்டும் நான்தான். எழுபதை நெருங்கும் ஆளுக்கு நல்ல கெட்டியான எலும்பு என்று டாக்டரே சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

உடம்பில் அங்கங்கே கறுத்த இடங்கள் இருந்தன. அவர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். வலது முழங்கால், காலமெல்லாம் லோரியிலிருந்து குதித்து இறங்கியதால் தேய்ந்தது. இடது விலாவில் ஒரு செம்பனைக் குலை விழுந்திருக்கிறது. விழுந்த அன்று மாலையே நான் வண்டி எடுத்தேன் என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பேனாவை இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே மட்டும் மை கொட்டியதுபோல் இருந்தது. அந்த இடத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் சின்ன மகளைப் பார்த்தார்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று போனவனுக்கு, புரோஸ்டேட் என்ற சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கி இருப்பதாகத் தெரிகிறது, அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் எலும்புக்குப் பரவவில்லை என்பதை ஒரு ஸ்கேனில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அவர் சீனர், என் சின்ன மகளைவிட இளையவராக இருப்பார். அறுவை என்றதும் எனக்கு நிம்மதிதான். கெட்டுப்போன சாமானைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியை ஓட்டுவது எனக்குப் பழகிய வேலை.

ஸ்கேன் அன்று கையில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். அது போய் எலும்பில் ஒட்டும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். தண்ணீரைக் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒடுக்கமான கட்டிலில் படுக்கவைத்து, ஒரு பெரிய தட்டை மூக்குக்கு நேரே இறக்கினார்கள். வெளியே பக்கத்து நாற்காலியில் முறை வருவதற்காகக் காத்திருந்தவர் சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் அந்தத் தட்டுக்கு அடியில் தூங்கிப்போனேன். குறட்டை வெளியே கேட்டதாக மகள் பிறகு சொன்னாள்.

அந்தப் படம்தான் திரையில் இருந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் மகளிடம் பேசினார். அவள் கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், அன்றைக்கு விடுப்பு எடுத்து வந்திருந்தாள். கேட்டுமுடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, எலும்புக்குப் போயிருக்கலாம்னு சொல்றாரு. அப்படின்னா அறுக்க மாட்டாங்களாம். ஊசி போட்டே பாத்துக்கலாமாம்."

"அறுக்காம எப்படிப் போகும்?"

"போகாதுப்பா. கட்டுக்குள்ள வச்சிருப்பாங்களாம்."

எனக்குப் புரிந்தது. அறுவை என்றால் நோயை எடுத்து எறியலாம். ஊசி என்றால் அதை வீட்டில் வைத்துச் சோறு போட வேண்டும். எல்லாம் அந்த ஒரு கறுத்த இடத்தில் இருந்தது. இன்னும் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். யோங் பெங்கில் உள்ள வீட்டுக்கு நான்தான் காரை ஓட்டிவந்தேன். மகள் ஓட்டுகிறேன் என்றாள். நான் விடவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, லோரியில் குலை ஏற்றும் கூலியாக ஆரம்பித்து, பிறகு ஓட்டுநராகி, பிறகு சொந்த லோரிகளுக்கு முதலாளியானேன். யோங் பெங்கிலிருந்து குளுவாங் வரை, செம்பனைக் குலை ஏற்றும் ஆட்களில் என்னைத் தெரியாதவர் கிடையாது. இது பெருமைக்காகச் சொல்வதல்ல, கேட்டுப் பார்த்தால் தெரியும். படித்தவர்கள் பலர் அதே குத்தகைக்கு வந்து போனார்கள். பனை எண்ணெய் மில் மேலாளர் என்னிடமே குத்தகையை விட்டதற்கு ஒரே காரணம், என் லோரி ஒரு நாளும் நின்றதில்லை. குலையை வெட்டி இறக்கிவிட்டால் மறுநாளுக்குள் மில்லுக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். முதலாளிக்கு உடம்பு சரியில்லை என்ற பேச்சு கிளம்பினால் போதும், அடுத்தவன் வந்து மேலாளர் அறையில் உட்கார்ந்துவிடுவான். அதனால் காய்ச்சல் என்ற சொல்லை நான் வாயில் வைத்ததே இல்லை. காய்ச்சல் வந்திருக்கும். சொன்னதில்லை.

லோரிகளை விற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆடு வளர்க்க ஆரம்பித்தேன். வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தை ஒட்டிய நிலத்தில், தரையிலிருந்து உயர்த்திப் பலகை போட்ட கொட்டகை. அதுபோல் சுத்தமான கொட்டகை எங்கள் பக்கத்தில் வேறு கிடையாது. ஸ்கேன் எடுப்பதற்கு முந்தைய மழைக்காலத்தில், வடக்கேயிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் புதிதாகச் சில ஆடுகளும் ஒரு கிடாவும் வாங்கினேன். நல்ல உயரமான இனம். பார்த்தவர்கள் எல்லோரும் விலை கேட்டார்கள்.

எனக்குக் கேன்சர் என்ற செய்தி பரவியதும் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் முள்ளுச் சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் இறைச்சியே கூடாது என்றார். எல்லோரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று. ஆட்டுப்பால், அதுவும் காய்ச்சாத பச்சைப் பால். காய்ச்சினால் அதன் சத்து செத்துப்போகும், பச்சையாகக் குடித்தால் கேன்சர் கட்டி கரையும் என்றார்கள். யார் யாரோ பிழைத்த கதைகளைச் சொன்னார்கள். மற்றவர்கள் அந்தப் பாலைத் தேடி அலைய வேண்டும். எனக்கு அது கொல்லையில் இருந்தது. ஏற்கெனவே காலையில் ஒரு குவளை குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மாலையிலும் சேர்த்துக் குடித்தேன். மடியிலிருந்து நேரே குவளையில் பீய்ச்சி, நுரை அடங்குவதற்குள், அந்தச் சூட்டோடு.

என் மனைவி அதைத் தொட மாட்டாள். பச்சைப் பாலில் ஆட்டு வாடை வருகிறது என்று, பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் தேநீரில் ஊற்றுவாள். மகளும் அப்படித்தான். அவர்களுக்கு வயிறு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

எம்.ஆர்.ஐ. படம் வந்த பிறகு டாக்டர் எங்களை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை மனைவியும் கூட வந்தாள். படத்தைப் படித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம், அவரை நாங்கள் பார்த்ததில்லை. அவர் எழுதி அனுப்பியதைச் சீன டாக்டர் மலாயில் எனக்கு விளக்கினார். முதுகெலும்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. கேன்சர் எலும்பைத் தின்னும், மெத்தையைப் பெரும்பாலும் விட்டுவிடும். என் முதுகில் மேல் எலும்பு, கீழ் எலும்பு, நடுவில் இருந்த மெத்தை மூன்றும் அரித்திருந்தன. அப்படி அரிப்பது பெரும்பாலும் கிருமியின் வேலை என்றார். கேன்சரைத் தேடப் போன படத்தில் வேறு ஏதோ வந்து மாட்டியிருக்கிறது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்.

பிறகு என்னிடம் கேட்டார். "அங்கிள், காய்ச்சல் இருக்கா?"

"எனக்கு ஆயுசுல காய்ச்சல் வந்ததில்ல டாக்டர்."

அவர் எழுதப்போனார். என் மனைவிக்கு மலாய் நன்றாகப் புரியும், பேசத்தான் கூச்சப்படுவாள். அன்றைக்கு மலாய் வார்த்தையைத் தேடவில்லை. தமிழில் என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள்.

"எதுக்குங்க பொய் சொல்றீங்க? சாயங்காலமானா ரெண்டு போர்வை கேக்குறீங்க. காலையில பனியன புழிஞ்சா தண்ணி ஊத்துது. நீங்க என்ன மில்லுக்கா லோரி விடப்போறீங்க, மறைக்கறதுக்கு?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். முதுகு வலியும் இருந்தது. நோய்க்காரனுக்கு நோயால் வலி வருகிறது, இதில் டாக்டருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

என்னைப் படுக்கையில் சேர்த்தார்கள். முதலில் காசநோயா என்று பார்த்தார்கள். சளியைச் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காசநோய் என்ற பேச்சு வந்ததும் கேன்சருக்கு அழாத என் மனைவி அழுதாள். கேன்சர் என்றால் ஊரார் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள், காசநோய் என்றால் வாசலோடு நின்றுவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அது இல்லை என்று வந்தது. பிறகு முதுகில் நீளமான ஊசியை விட்டு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டும் வலித்தது. நான் முனகவில்லை. அங்கே நின்ற தாதி வேறு யாரும் இப்படி அசையாமல் கிடந்ததில்லை என்று சொன்னாள்.

அந்த முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் தொற்றுநோய் டாக்டர் வந்தார். மலாய்ப் பெண், தலையில் துடோங் முக்காடு, முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. சொந்த ஊர் பத்து பகாட் பக்கம் ஒரு கம்பம், மலாய்க் கிராமம் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் எங்கே வேலை செய்தேன், என்ன சாப்பிடுகிறேன், எங்கே மண்ணைத் தோண்டினேன் என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குப் பிடித்திருந்தது. என் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு விவரமாக யாரும் கேட்டதில்லை. லோரிகளைப் பற்றிச் சொன்னேன். மில்லைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் எழுதவில்லை. ஆடுகளைப் பற்றிச் சொன்னபோது எழுத ஆரம்பித்தார்.

"பாக்சிக், ஆட்டுப் பால் குடிப்பீங்களா?"

மலாயில்தான் பேசினோம், பாக்சிக் என்றால் மாமா. நான் எழுந்து உட்கார்ந்தேன். என் உடம்பு இந்த வயதில் இப்படி இருப்பதற்கே அந்தப் பால்தான் காரணம் என்று சொன்னேன். கடைப் பால் மாதிரி தண்ணீர் கலந்த பால் அல்ல, என் கண் முன்னால் கறந்தது, காய்ச்சாதது, காலையும் மாலையும் குடிக்கிறேன் என்றேன். டாக்டருக்கு வேண்டுமானால் அடுத்த வாரம் மகளிடம் ஒரு போத்தல் கொடுத்தனுப்புகிறேன், களைப்பாக இருக்கிறீர்கள், உடம்புக்கு நல்லது என்றும் சொன்னேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். "காய்ச்சாமலேயா?"

"காய்ச்சினா அதுல என்ன இருக்கு?"

"ஆடு எதுக்காவது சினை கலைஞ்சதா?"

அது எப்படி இவருக்குத் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். புதிதாக வாங்கிய ஆடுகளில் சில, மாதம் நிறையாமல் குட்டியைத் தள்ளிவிட்டன. மழை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, செத்த குட்டிகளைக் கையாலேயே எடுத்துப் புதைத்தேன். அதைச் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார். ரத்தம் எடுக்க ஆள் அனுப்புகிறேன், பாலுக்கு நன்றி, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதுகில் எடுத்த எலும்பில் கேன்சர் இல்லை. ரத்தத்தில் புரூசெல்லா என்ற கிருமி இருந்தது. ஆட்டிலிருந்து பச்சைப் பால் வழியாகவும், சினை கலைந்து விழுந்த குட்டியைத் தொட்ட கை வழியாகவும் மனிதனுக்கு வருவது. சாயங்காலக் காய்ச்சல், வியர்வை, முதுகு எல்லாம் அதன் வேலை. சீன டாக்டர் கட்டில் அருகே வந்து நின்று, "அங்கிள், இப்ப உங்களுக்கு வெறும் கேன்சர்தான்," என்றார். மலாயில் அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. என் மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெறும் கேன்சர் என்று கேட்டு ஒரு குடும்பம் சந்தோஷப்பட்டதை அந்த வார்டில் எல்லோரும் பார்த்தார்கள்.

முதலில் ஊசிகள், பிறகு மாதக் கணக்கில் மாத்திரைகள். ஒரு மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சுச் சாறு மாதிரி போனது. கிருமி அடங்கும்வரை அறுவை இல்லை, அந்த இடைவெளியில் கேன்சர் வளராமல் இருக்க ஓர் ஊசி போட்டார்கள். ஒரு மாத்திரையையும் நான் தவறவிட்டதில்லை. மனைவியைக் கேட்டால் தான்தான் நினைவுபடுத்தியதாகச் சொல்வாள்.

கால்நடை இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து ஆடுகளிடம் ரத்தம் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும்கூடச் சோதனை நடந்தது. மனைவிக்கும் மகளுக்கும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. வெளியே யாருக்காவது பால் விற்றேனா என்றும் கேட்டார்கள், விற்றதில்லை என்றதும் அதோடு நின்றது. புது ஆடுகளில் பெரும்பாலானவையும், பழையவற்றில் சிலவும், அந்த உயரமான கிடாவும் நோயுள்ளவை என்று முடிவானது. லோரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஓட்டுநர் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறினான். நான்தான் உட்கார்ந்து வண்டியைக் கொட்டகை வாசலுக்கு ஒட்டி நிறுத்திக் கொடுத்தேன். மீதி ஆடுகளையும் பிறகு ஒப்படைத்துவிட்டேன்.

மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, மை கொட்டியிருந்த இடம் வெளுத்துப்போய், என் முழங்காலில் இருந்த அளவுக்குத்தான் அங்கே கறுப்பு இருந்தது. அறுவை செய்தார்கள். சுரப்பியை எடுத்தார்கள். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் எழுந்து நடந்தேன். அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளும் நன்றாகவே இருக்கின்றன.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஊரில் கதை வேறு மாதிரி போனது. எலும்புக்குப் பரவிவிட்டது, ஆஸ்பத்திரியில் அறுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். நான் கொல்லையில் ஆட்டுப்பால் குடிப்பதும் தெரியும். பிறகு எலும்பில் இருந்தது காணாமல் போய்விட்டது என்பதும் தெரிந்தது. இந்த மூன்றையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். ஆட்டுப்பால் குடித்து எலும்புக் கேன்சரையே கரைத்த ஆள் யோங் பெங்கில் இருக்கிறார் என்று என் பெயர் பரவியது. நான் வாழ்க்கையில் செய்த எதற்கும் இவ்வளவு பேர் வந்து என்னைப் பார்த்ததில்லை. கோயிலில் எழுந்து வழிவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் கெலாங் பாத்தாவிலிருந்து ஒருவர் காரில் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சிங்கப்பூரில் வேலை, இரவு முறையை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தார். மனைவிக்கு மார்பில் கேன்சர், மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். கையில் கழுவித் துடைத்த கண்ணாடிப் போத்தல் வைத்திருந்தார்.

நடந்ததை அவருக்கு முதலிலிருந்து சொன்னேன். எலும்பில் இருந்தது கேன்சரே இல்லை, பால் கொண்டுவந்த கிருமி என்றேன். பால் எதையும் கரைக்கவில்லை, அந்தக் கறுத்த இடத்தை உண்டாக்கியதே அதுதான் என்றேன். மருந்து ஏற்றுகிற உடம்பில் எதிர்ப்பு சக்தி இருக்காது, தெரியாமல் உங்கள் மனைவிக்குப் பச்சைப் பாலைக் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சந்தான் கேக்குறேன். விலை எவ்வளவுன்னாலும் சொல்லுங்க."

"தம்பி, ஆடே இல்ல. கொட்டகைய வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். காலிப் பலகையைப் பார்த்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு எங்கேயோ வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"நீங்க பொழச்சிட்டீங்க அண்ணே," என்றார், கோபமில்லாமல். "அடுத்தவங்களுக்குக் கொடுத்தா கொறஞ்சா போயிரும்?"

நான் சட்டையைத் தூக்கி ஊசி போன இடத்தையும் அறுத்த தழும்பையும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குளுவாங் சாலையில் திரும்பியதைப் பார்த்தேன். அந்தச் சாலையில் ஆடு வைத்திருக்கிறவன் யார் என்று எனக்குத் தெரியாதா? என்னிடம் லோரி ஓட்டியவன்தான். உடனே அவனுக்குப் போன் செய்தேன்.

"ஒரு சின்னக் காரு வரும். பால் கேப்பாரு. கொடு. ஆனா உன் வீட்டு அடுப்புல வச்சு, பொங்கினதுக்கு அப்புறம் கொடு."

"பச்சையா கேட்டா என்ன சொல்றதுங்க மொதலாளி?"

"பச்சைன்னே சொல்லு."

அன்றிலிருந்து அவர் வாரந்தோறும் அங்கே வந்து வாங்கிப் போகிறாராம். போத்தல் சூடாக இருப்பது மடிச் சூடு என்று அவன் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாளுக்கு மருந்து முடிந்துவிட்டது, தேறி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கெலாங் பாத்தாவில் இப்போது அந்தப் பாலுக்கு இன்னும் பெரிய பெயர். அவனிடம் வருகிற எல்லோருக்கும் காய்ச்சித்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். குளுவாங்கில் என் பேச்சை யாரும் தட்டுவதில்லை.